எழுதாமல் விட்ட ஒரு வரி

“ஊசிய விட்டு ஆட்டுனா வீடு கீழ விழுமா தங்கச்சி?”

ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணன் என் மேசை முன்னால் நின்று இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு பின்னல் ஊசி இருந்தது. மேசை மேல் ஒரு பெட்டி நிறைய அட்டைகள்.

“விழும் அண்ணே. நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்குள்ள விழும்.”

“பாக்கலாம், பாக்கலாம். நான் வழி தெரியாம நடுரோட்ல நின்னா ஊசியோட ஓடி வா.”

சிரித்துக்கொண்டே நகர்ந்தவர், பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் குனிந்து, இன்றைக்குத் தெங்கேரா பக்கம் பாதை எப்படி என்று மலாயில் கேட்டார். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என்னைக் கிண்டல் செய்தது எனக்கு வலிக்கவில்லை. அவளிடம் வழி கேட்டதுதான் வலித்தது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்து இரண்டாவது வருஷம் அது. மலாக்கா நகரின் நடுவே ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் எங்கள் அறை. போலீஸ் ரோந்துக் கார், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அவசர அழைப்புகள் அங்கேதான் வந்து சேரும். ஒரு சுவர் முழுவதும் நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வண்ண மரவில்லை. வண்டி கிளம்பினால் வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்து வரைபடத்தில் அந்த இடத்தில் மாட்ட வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி கொக்கிக்கு. சுவரைப் பார்த்தாலே எது எங்கே நிற்கிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரியும்.

வரைபடத்தின் முன் இரண்டு நாற்காலிகள், ஆளுக்கொரு ஹெட்போன். இரண்டாம் நாற்காலியில் இருப்பவள் தொலைபேசியை எடுத்து, என்ன நடந்தது, எங்கே என்று கேட்டுச் சீட்டில் எழுதி இந்தப் பக்கம் தள்ளுவாள். முதல் நாற்காலியில் இருப்பவள் எந்த வண்டி, எந்த வழி என்று முடிவு செய்து அனுப்புவாள். முதல் நாற்காலியில் பல வருஷம் இருந்த யுரேஷிய அம்மா கணவரோடு வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்துக்கு ஒருத்தியை நிரந்தரமாகப் போட வேண்டும். அதுவரை நாங்கள் இருவரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி உட்கார வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை.

என் அப்பா நகராட்சியில் ரோடு போடும் வேலை செய்தார். கப்பலில் வந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, பிறகு டவுனுக்கு வந்தவர். காஜா பேராங்கின் ஓரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்த அன்று அம்மா என் சான்றிதழை வரிசை வீடுகள் பதினாறுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று நான்காம் வீட்டு அக்கா சொன்னார்.

என் மேசையில் இருந்த அந்த அட்டை முறையை அதிகாரி இங்கிலாந்தில் பயிற்சிக்குப் போனபோது பார்த்துவிட்டு வந்து, என்னிடம் ஒப்படைத்தார். என் ஆங்கிலமும் கையெழுத்தும் அவருக்குப் பிடித்திருந்தன. ஒரு சந்துக்கு ஓர் அட்டை. அட்டையின் ஓரங்களில் வரிசையாகத் துளைகள். காஜா பேராங்கைச் சேர்ந்த சந்து என்றால் நான்காம் துளையை வெளிப்பக்கமாக வெட்டித் திறந்துவிட வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து என்றால் ஒன்பதாம் துளை. எல்லா அட்டைகளையும் ஒன்றாக அடுக்கி, நான்காம் துளையில் பின்னல் ஊசியைச் செலுத்தித் தூக்கி ஆட்டினால், மற்றவை ஊசியில் தொங்கும். வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். விழுந்ததை எடுத்துப் படித்தால் வழி, தூரம், பக்கத்து வண்டி எல்லாம் அதில் இருக்கும்.

“ஒருநாள் இதையெல்லாம் மின்சார யந்திரமே செய்யும், மிஸ்,” என்றார் அதிகாரி. “தொலைபேசி அடித்ததும் எந்த வண்டி போக வேண்டும் என்று அதுவே சொல்லும்.”

அந்த யந்திரம் வரும்வரை நான்தான் அது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் அந்த அட்டைகளை எழுதினேன். சாப்பாட்டு நேரத்திலும் எழுதினேன்.

ஆனால் பக்கத்து நாற்காலிக்காரிக்கு அட்டை தேவைப்படவில்லை.

அவள் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. நெற்றியில் விபூதி பூசுவாள், மாரியம்மனைக் கும்பிடுவாள், ஆனால் தமிழ் பேசத் தெரியாது. சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, தலையில் கொண்டை ஊசி குத்திக்கொண்டு, வேறு ஒருவருக்கும் முழுதாகப் புரியாத ஒரு மலாய் பேசுவாள். அதற்கு நடுவே ‘அக்கா’ என்றும் ‘பொங்கல்’ என்றும் நம் சொற்கள் எட்டிப் பார்க்கும். அவள் குடும்பம் காஜா பேராங்குக்கு வந்து எத்தனை தலைமுறை என்று அவர்களுக்கே கணக்கில்லை. ஆறாம் வகுப்போடு மலாய்ப் பள்ளியை விட்டவள். ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வராது.

ஒரு காலை, முதல் நாற்காலி என்னுடையது. அவள் தொலைபேசியை எடுத்தாள். யாரோ அலறுவது எனக்கே கேட்டது. வாத்து வளர்க்கும் கிழவர் வீட்டுக்குப் பின்னால், சாய்ந்த தென்னைக்குப் பக்கத்தில் தீ. தெரு பெயர் இல்லை, எண் இல்லை. நான் ஊசியை எடுத்தேன். வாத்துக்கு எந்தத் துளை?

அவள் இடது கையில் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடியே, “அது விதவை அக்கா வீடு. சந்துல வண்டி நுழையாது. சூராவ் பள்ளிவாசல் முன்னால நிறுத்திட்டுக் குழாயத் தோள்ல தூக்கிட்டுப் போகச் சொல்லு,” என்றாள். மலாயில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் சொன்னேன். தீ அணைந்தது. பின்னால் நின்றிருந்த அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, “நமக்கு யந்திரம் வந்துவிட்டது போலிருக்கிறதே!” என்றார்.

யந்திரம் என்று அவளைச் சொன்னார். அன்று மத்தியானம் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு அட்டை எழுதினேன்.

அதற்குப் பிறகு அவள் செய்வதெல்லாம் என் கண்ணில் உறுத்தியது. ஓட்டுநர்கள் அவளுக்கு ரம்புத்தான் பழம் கொண்டுவந்தார்கள். அவள் அதில் பாதியை என் பக்கம் தள்ளினாள். அதுவும் உறுத்தியது. அவள் ரொம்பக் கெட்டிக்காரியாகவும் காட்டிக்கொள்ளவில்லை. “அடோய், நீ எழுதறது பூப்போட்ட மாதிரி இருக்கு லா. எனக்குக் கை கோணும்,” என்பாள். மனசாரத்தான் சொன்னாள். நான் அதைப் பிச்சை போடுவதாக எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அறையில் ஒரு அறிவிப்புப் புத்தகம் உண்டு. எந்த ரோட்டைத் தோண்டியிருக்கிறார்கள், எந்தப் பாலம் அடைப்பு, எங்கே கூட்டம் என்பதையெல்லாம் அதில் ஆங்கிலத்தில் எழுதி வைக்க வேண்டும். வேலைக்கு வந்து உட்காருபவர் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் வராது என்பதால் அவள் வாயால் சொல்வாள், நான் எழுதுவேன். ஊர்ச் செய்தியில் முக்கால்வாசி அவள் வாயிலிருந்து வந்தது. கையெழுத்து என்னுடையது.

மாரியம்மன் திருவிழா வந்தது. அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விடுப்புக்கு முந்தைய நாள் கிளம்பும்போது, கைப்பையை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“வெள்ளிக்கிழமை தேரு இந்த வருஷம் பகல்லயே கெளம்புது. மூணு மணிக்கு. பெரியவங்க நேரம் பாத்துட்டாங்க. மூணுக்கு மேல காஜா பேராங் ரோட்ல வண்டி விடாதே. பின்பக்கம் தென்னந்தோப்பு வழியா விடு. எழுதிடு, என்ன?”

தேர் எப்போதும் விளக்கு வைத்த பிறகுதான் புறப்படும். அந்தப் பக்கம் குடியிருக்கும் எனக்கே மாற்றம் தெரியாது. அவள் சித்தப்பா கோயில் காரியம் பார்ப்பவர். அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ம்,” என்றேன்.

புத்தகத்தைத் திறந்தேன். பேனாவில் மை இருந்தது. அன்று காலைதான் அதிகாரி ஓட்டுநர் அண்ணனிடம், முதல் நாற்காலிக்கு யாரைப் போடலாம் என்று பேச்சுவாக்கில் கேட்டதையும், அவர் யோசிக்காமல் அவள் பக்கம் மோவாயைக் காட்டியதையும் நான் பார்த்திருந்தேன். இன்னொரு வரி அவளுடைய அறிவு, என் எழுத்தில். எத்தனை வரி இப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்! அவள் இல்லாத மூன்று நாளும் என் அட்டைகளை வைத்தே அறை நடக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன். நேரம் வந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் நாற்காலியில் நான். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் தொலைபேசி எடுத்தார். காலையிலிருந்து ஆறு அழைப்புகள், ஆறுக்கும் ஊசி, ஆறும் சரி. எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு காஜா பேராங்கிலிருந்து ஒரு கோப்பிக்கடைக்காரர் கூப்பிட்டார். கோயிலுக்கு அப்பால் ஒரு சந்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, ரத்தம் நிற்கவில்லை. ஊசியைச் செலுத்தினேன். அட்டை விழுந்தது. என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: காஜா பேராங் ரோடு வழி. அண்ணனை அனுப்பினேன். வில்லையை வரைபடத்தில் மாட்டும்போது எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. வேகமாக அனுப்பிவிட்டோம் என்ற சந்தோஷம் மட்டும் இருந்தது.

சற்று நேரத்தில் அண்ணனே ஒரு கடையிலிருந்து தொலைபேசியில் வந்தார். பின்னால் உறுமி மேளம் கேட்டது.

“தங்கச்சி, முன்னால தேரு, பின்னால சனம். திரும்பக்கூட எடமில்ல. என்ன வழி உட்ட நீ?”

அப்போதுதான் அவள் சொன்னது முழுதாக நினைவுக்கு வந்தது.

“அண்ணே, தென்னந்தோப்பு... பின்பக்கம் தென்னந்தோப்பு வழியா...”

“அது எங்க இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அவள் அந்த வழியைச் சொன்னாளே தவிர, நான் அதற்கு அட்டை எழுதவில்லை. எந்தக் கடைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. அண்ணன் சீறிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்கு மேல் எங்கள் அறைக்கு ஒன்றும் எட்டவில்லை. ஆம்புலன்ஸில் ரேடியோ கிடையாது. நான் அந்த மரவில்லையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை எனக்குச் சொன்னது என் அம்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையச் சிரிப்புமாக வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“பாப்பா, உங்க ஆபீஸ்ல வேல பாக்குற அந்தச் செட்டிப் பொண்ணு இருக்கே, அது பொண்ணா பேயா? தேருக்கு முன்னால பால்கொடம் எடுத்துட்டு வந்துச்சு. ஆம்புலன்சு மாட்டிக்கிட்டு நிக்கறதப் பாத்ததும் நின்னுடுச்சு. பால்கொடத்தக் கோயில் வாசலுக்கு முன்ன எறக்கக்கூடாதுல்ல? சுத்தி முத்திப் பாத்துச்சு, நான் நின்னேன். ‘அக்கா, பெகாங்’னு அப்படியே என் தலையில ஏத்திடுச்சு!”

பெகாங் என்றால் பிடி என்று அர்த்தம். அம்மா அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, சேலைய, இல்ல அந்தச் சாரோங்க, முட்டிக்கு மேல தூக்கிச் சொருகிட்டுத் தேர் இழுக்குறவங்களப் போட்டுத் திட்டுச்சு பாரு! தேர அப்படியே கோப்பிக்கட ஓரம் தள்ள வச்சுது. வெறுங்காலோட வண்டிப் படியில ஏறி நின்னுச்சு. தோப்புப் பக்கம் கூட்டிட்டுப் போயிடுச்சு. புள்ள பொழச்சிருச்சாம், தாயும் பொழச்சிருச்சாம். கொடத்த நான்தான் கொண்டுபோய் அம்மனுக்கு ஊத்துனேன். அவ பேர்ல.” பிறகு என்னைப் பார்த்து, “அது சரி, அந்த நேரத்துல அந்த ரோட்ல வண்டிய எவ அனுப்புனா?” என்றார்.

தாயும் குழந்தையும் பிழைத்தது கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அது உண்மை. அதற்கு அடுத்த நிமிஷமே, என் அம்மாவின் தலையில் அவள் குடம் என்று நினைத்து வயிறு எரிந்தது. அதுவும் உண்மை. என் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன அம்மா, இப்போது அவள் கதையைத் தூக்கிக்கொண்டு நான்காம் வீட்டுக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் அறிவிப்புப் புத்தகம் திறந்திருந்தது.

“தேர் முன்கூட்டியே கிளம்புவது உனக்குத் தெரியும். ஏன் அறிவிக்கவில்லை?” என்று அவளைக் கேட்டார்.

“அறிவிச்சேன் துவான். இவகிட்ட சொன்னேன்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அவள் திரும்பவில்லை. நான் உண்மையைத்தான் சொல்வேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

“எனக்கு ஞாபகம் இல்லை, சார்,” என்றேன்.

நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புத்தகத்தை ஒருமுறை புரட்டினார். அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே வெறும் கோடு. எழுதப்படாததைச் சொல்லப்படாததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். செய்த உதவிக்கு அவளுக்கு நன்றி சொன்னார். அறிவிக்கத் தவறியதற்கு எழுத்தில் எச்சரிக்கையும் கொடுத்தார். எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்தான் முதல் நாற்காலியில் இருக்க வேண்டும், ஆகவே அந்த இடம் எனக்கு என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நின்றாள். அழுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தத் தோப்பு வழிய இப்பவாவது எழுதிக்க,” என்றாள். “துணிக்கடைக்கு அடுத்த சந்து. நீலக் கதவு வீடு தாண்டி வலப்பக்கம். என் பேரு வேணாம், வழிய மட்டும் சரியா எழுது. கேம்பிரிட்ஜ்காரி.”

முதல் நாற்காலியில் நான்கு நாள் உட்கார்ந்தேன். கேட்டது கிடைத்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. ஓட்டுநர்கள் என் உத்தரவை வாங்கிக்கொண்டு, கதவருகே போய், ஒரு கணம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் கண்ணால் ஆமென்றால்தான் படியிறங்குவார்கள். அண்ணன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தி, ‘மிஸ்’ என்றார்.

நான்காம் நாள் புக்கிட் பாருவிலிருந்து ஓர் அழைப்பு. லோரி கவிழ்ந்து இரண்டு பேருக்கு அடி. ஊசி, அட்டை, வழி. சொன்னேன். அண்ணன் கதவருகே போய் அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“அங்க நேத்து மழையில மண்ணு சரிஞ்சு கெடக்கு. மேட்டுப் பக்கமா போங்க,” என்றாள். பிறகு என்னிடம், “மண்ணு சரிவு. எழுதிடு,” என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். வண்டி சேற்றில் நின்றிருக்கும். என் நாற்காலியில், என் உத்தரவில், என் அட்டையால். ஒரு வாரத்தில் அந்த இடம் அவளுடையதாகியிருக்கும். அது அவளுக்கும் தெரியும், அவள் முட்டாள் அல்ல. இருந்தும் சொல்லிவிட்டாள். கோபம் குறையாத முகத்தோடுதான் சொன்னாள். நான் செய்ததை அவளால் செய்ய முடியவில்லை. என் பொறாமை அதுவரை அவளுக்குத் தெரிந்த சந்துகள் மேல் இருந்தது. சந்துகளை நடந்து நடந்து நானும் தெரிந்துகொள்ளலாம். இதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது? மண் சரிவை எழுதும்போது என் கை கோணிப் போயிற்று.

அன்று மாலை வீட்டில் அமர்ந்து அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் அதில் போடத் தோன்றியது. மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் ஐந்து வரிதான் மிஞ்சியது: அவள் சொன்னாள், என்றைக்கு, எந்த நேரத்துக்கு, எந்த வழி என்று சொன்னாள், நான் வேண்டுமென்றே எழுதவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன். அம்மா பக்கத்தில் வந்து, “சர்க்காருக்கா எழுதுற?” என்று பெருமையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்பாகப் போனேன். உறையை அதிகாரியின் மேசைத் தட்டில், மற்றத் தாள்களுக்கு மேலே வைத்தேன். திரும்ப எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் உடனே அந்த அறையை விட்டு வெளியேறினேன். எங்கள் அறைக்கு வந்து, முதல் நாற்காலியில் தொங்கிய என் ஹெட்போனைக் கழற்றினேன். இரண்டாம் நாற்காலியில் மாட்டினேன். உட்கார்ந்தேன்.

அவள் எட்டு மணிக்கு வந்தாள். நின்று பார்த்தாள்.

“என்ன இது?”

தொலைபேசி அடித்தது. நான் சீட்டைக் கிழித்துக்கொண்டே, “அங்க உக்காரு. எடம் சொல்றேன், வழிய நீ சொல்லு,” என்றேன்.